தம்பிக்கு எழுதிய வெளியூர்ச் சீட்டு

எங்கள் ஊர்க் குளத்தில் வருஷத்துக்கு ஒருநாள் எல்லாரையும் மீன் பிடிக்க விடுவார்கள். ஏரலுக்கு மேற்கே, ஆற்றுக் கால்வாய்த் தண்ணீரை வாங்கி நிற்கிற குளம் அது. பிசான நெல் அறுப்பு முடிந்து வைகாசியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவும் எட்டாம் நாள் பூசையும் ஆனபிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் அந்த நாள். குளத்து மீனை ஊர் பேரிலேயே குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். சீட்டு வாங்கினவன் வலையோடோ தூண்டிலோடோ இறங்கலாம். ஒன்றுமில்லாதவன் கிழிந்த வேட்டியோடு இறங்கினாலும் கேட்க மாட்டார்கள். சீட்டுப் பணம் கோயிலுக்குப் போகும்.

முதலில் எல்லாருக்கும் ஒரே சீட்டுதான். பிறகு திருநெல்வேலி டவுணிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் வேன் போட்டுக்கொண்டு பெரிய வலைகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஊர்க்காரன் சட்டையைக் கழற்றுவதற்குள் விரால் எல்லாம் வேனில் ஏறிவிடும். எங்களுக்குச் சேற்றில் கிடக்கிற கெளுத்தியும் கையில் முள் குத்தின வலியும்தான் மிச்சம். வெளியூர்க்காரனே வேண்டாம் என்று பாதி ஊர் சொன்னது. அவன் துட்டில்தான் கோயில் முன்மண்டபத்துக்குத் தளம் போட வேண்டும் என்று மற்றப் பாதி சொன்னது. கடைசியில் உள்ளூருக்குப் பத்து ரூபாய், வெளியூருக்கு ஐம்பது என்று முடிவானது.

முடிவானதே தவிர, சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. யார் உள்ளூர், யார் வெளியூர்? முந்தின வருஷம் சீட்டு எழுதினவர் தன் மச்சினன், மச்சினனுடைய சகலை என்று டவுண்காரர்கள் பாதிப்பேரை உள்ளூர் ஆக்கிவிட்டார். அதனால் இந்த வருஷம் குளம் வற்றும் முன்பே, சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம், கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் என்று ஞாபகம். நானும் போயிருந்தேன்.

நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. எட்டாவது வரைக்கும் படித்தவன். கொஞ்சம் வாழை உண்டு. இலை அறுத்துக் கட்டுக்கட்டி ஏரல் சந்தைக்கு அனுப்புவேன். விடியற்காலையில் ஆற்றில் குளித்து, நீறு பூசி, அம்மன் சன்னதியில் விளக்குக்கு எண்ணெய் விட்டபிறகுதான் மற்ற வேலை. அது ஒரு பழக்கம். கூட்டத்தில் எழுந்து பேசுகிற பழக்கம் மட்டும் கிடையாது. அன்றைக்கு ஏன் எழுந்தேன் என்றால், எங்கள் ஊர்த் தையற்காரருக்காக.

அவர் ஒரு பாய். பதினைந்து வருஷமாக எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். கூட்டத்தில் முதலில் எழுந்த யோசனை, கோயில் வரி கட்டுகிறவன்தான் உள்ளூர் என்பது. பாயிடம் யாரும் கோயில் வரி கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. அப்படியானால் அவர் வெளியூர். பம்பாயில் இருக்கிறவர்களோ மணியார்டரில் ஒழுங்காக வரி அனுப்புகிறார்கள். அவர்கள் உள்ளூர்.

பம்பாயில் இட்லிக் கடை வைத்திருக்கிற ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். அவர்தான் அந்தக் கட்சிக்குத் தலைமை.

"போன வருஷம் கோபுரத்துக்குப் பெயிண்டு அடிச்சது யாரு துட்டுவே? எங்களைப் போயி வெளியூருங்கிறது எந்த ஊரு நியாயம்?"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"கொடைக்குச் சாமியாடுதவருக்கு சல்லடம் தைக்கது யாரு? பாயிதானவே? அந்தக் கை வெளியூர்க் கை, மணியார்டர் அனுப்புத கை உள்ளூர்க் கையா? ஊர்ல ஒரு நல்லது கெட்டதுன்னா வந்து நிக்கவன்தான் உள்ளூர்க்காரன். பந்தக்கால் நடவும் பாடை தூக்கவும் ஆளு இங்கனதான வேணும்? பம்பாயில இருந்து யாரு வந்து தூக்குதா?"

கைதட்டினார்கள். இட்லிக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அப்போ உம்ம தம்பிக்கும் சேத்துத்தான் சொல்லுதீரோ?"

"எல்லாருக்கும் சேத்துத்தான்" என்றேன்.

கைதட்டின வேகத்தில் வந்த வார்த்தை அது. சொல்லி உட்கார்ந்த பிறகுதான் தம்பி முகம் ஞாபகத்துக்கு வந்தது.

என் தம்பி பம்பாய்க்குப் போய் வருஷம் பல ஆகியிருந்தது. அங்கே ஒரு தோல் பட்டறையில் மேஸ்திரி. எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவனும் அம்மாவுக்கு இளையவனும் கொள்ளி வைப்பார்கள். அப்பாவுக்கு நான் வைத்தேன். அம்மா ஒரு சித்திரை வெயிலில் காலமானபோது தம்பிக்குத் தந்தி கொடுத்தோம். அவன் ரயில் பிடித்து, நின்றுகொண்டே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் வைக்க வேண்டிய கொள்ளியையும் நானே வைத்திருந்தேன். சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு நாங்கள் வீடு திரும்பும்போது, அவன் பெட்டியோடு வாசலில் நின்றான். "ஏன் எனக்காவ நிக்கல?" என்று கேட்டான். "ஊர்ல நிக்க மாட்டேன்னுட்டாவ" என்றேன். அவன் வீட்டுக்குள் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான். பிறகு ஏழு வருஷம் அவன் ஊர்ப் பக்கம் வரவில்லை. கடிதமும் கிடையாது. கோயில் வரி மட்டும் மணியார்டரில் வரும், அதுவும் ஊர்த் தலைவர் பேருக்கு.

அப்படிப்பட்டவனைத்தான் நான் கூட்டத்தில், நல்லது கெட்டதுக்கு வராதவன் என்று சொல்லியிருக்கிறேன். பாடை தூக்க வராதவன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. கடந்த கொடை முதல் இந்தக் கொடை வரை ஊரில் குடியிருந்தவன் உள்ளூர், மற்றவன் யாராக இருந்தாலும் வெளியூர் என்று தீர்மானம் போட்டார்கள். சீட்டு எழுத என் பேரைச் சொன்னார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது ஒன்று. நீறு பூசினவன் பொய் எழுத மாட்டான் என்பது இன்னொன்று. அதோடு விடவில்லை. முந்தின வருஷத்து மச்சினன் கதையை யாரும் மறக்கவில்லை. சன்னதியில் சூடம் ஏற்றி, "வேண்டியவன் வேண்டாதவன் பார்க்க மாட்டேன்" என்று என்னை அந்தச் சூடத்தை உள்ளங்கையால் அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன். பேச்சில் மட்டும் பாய்க்கு நியாயம் கேட்டால் போதுமா, செயலிலும் நேராக இருப்போமே என்று எனக்கு ஒரு பெருமைகூட.

பத்து நாள் கழித்து இன்லாண்டு ஒன்று வந்தது. தம்பி கையெழுத்து. ஏழு வருஷத்தில் முதல் கடிதம். இரண்டே வரி.

'நல்லது கெட்டதுக்கு வராதவன் வருகிறேன். குளம் திறக்கிற அன்று கரைக்கு வருவேன். எனக்கு என்ன சீட்டு எழுதுகிறாய் என்று பார்க்கிறேன்.'

நான் பேசினதை இட்லிக் கடைக்காரர் டெலிபோன் பூத்திலிருந்து அவனுக்குச் சொல்லியிருப்பார். என் வீட்டுக்காரி கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"உங்க நாக்குல அன்னைக்குச் சனியன் உக்காந்திருந்தானா? வாராதவன் வாரான். அவனுக்கு வெளியூருன்னு எழுதினியன்னா செத்தாலும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டான்."

"சூடம் அணைச்சிருக்கேனே."

"அம்மனுக்குத் தெரியாதா, கூடப் பிறந்தவன்னு?"

அதுதான் எனக்கு விடை தெரியாத கேள்வி. விடியற்காலையில் எண்ணெய் விடும்போதெல்லாம் கேட்டேன். அம்மா, நீயே ஒரு வழி சொல்லு. அவனுக்குக் காய்ச்சல் வந்து ரயில் ஏறாமல் போனால்கூடத் தேவலை என்று ஒருநாள் நினைத்து, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். உள்ளூர்ச் சீட்டே எழுதிவிட்டு, வித்தியாசத்தை என் கைத்துட்டில் கட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். அவனுக்குத் தெரிந்தால் அதைவிட அவமானம் வேறில்லை.

கொடை வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

குளத்துக் கரையில் மருத மரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். உள்ளூர்ச் சீட்டு வெள்ளைத்தாள், வெளியூர் மஞ்சள். என் பக்கத்தில் பாய் உட்கார்ந்து சீட்டில் ரப்பர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அவருக்கு நான் எழுதிய வெள்ளைச் சீட்டைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார். தலைவர் கருங்கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கே வரிசை மடைவரைக்கும் நீண்டுவிட்டது. பேர் என்ன, ஊர் என்ன என்று நான் கேட்க வேண்டும். அவர்கள் சொல்ல வேண்டும். டவுண்காரர் ஒருவர், "எங்க தாத்தாவுக்கு இந்த ஊரு வே" என்று வெள்ளைச் சீட்டு கேட்டார். "தாத்தாவைக் கூட்டியாரும், அவருக்கு வெள்ளை எழுதுதோம்" என்று பாய் சொன்னதில் வரிசை முழுக்கச் சிரித்தது.

எழுதி எழுதி எனக்கு விரல் மரத்துப்போனது. தலை நிமிரவே நேரமில்லை. பேர்? ஊர்? பேர்? ஊர்? அப்படித்தான், மேஜைக்கு முன்னால் ஒரு பெட்டி வைக்கப்பட்ட சத்தம் கேட்டபோதும் என் வாய் தன்பாட்டுக்குக் கேட்டுவிட்டது.

"ஊர்?"

நிமிர்ந்தேன். தம்பி.

முன்மண்டை முழுக்க முடி கொட்டியிருந்தது. அப்பாவைப் போலவே இருந்தான். பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு நின்றான். வீட்டுக்குப் போகாமல் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே வந்திருக்கிறான்.

"பேரு கேக்காமலே ஊரு கேக்கியே அண்ணே" என்றான். "எழுது. பம்பாயி. தாராவி."

யாரோ பின்னாலிருந்து, "வெள்ளைய எழுதிக் குடும் அண்ணாச்சி, யாரு கேக்கப் போறா" என்றார். இன்னொருவர், "சூடம் அணைச்சிருக்காருவே" என்றார். தலைவர் வாயே திறக்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். இட்லிக் கடைக்காரர் சற்றுத் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என் கை வெள்ளைத்தாள் பக்கம் போனதை நான் மறைக்கப்போவதில்லை. போனது. அதன்மேல் இரண்டு விரலை வைத்துவிட்டேன். பிறகு மஞ்சளை எடுத்தேன். அவன் பேரை எழுதினேன். ஊர் பம்பாய் என்று எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கோணலாக எழுதினதில்லை. பாய் முத்திரையைக் குத்தாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். பைய வைத்து அழுத்தினார்.

தம்பி ஐம்பது ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தான். நான் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கப்போகிறான், திரும்பி நடக்கப்போகிறான் என்று பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கன என்னை மதராசிங்கான். இங்கன பம்பாய்க்காரன்னு எழுதுத" என்றான். சொல்லிவிட்டுச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டான். "கொஞ்சம் எந்திரிச்சு வா. ஒண்ணு கேக்கணும்."

பாய் என் கையிலிருந்த பேனாவைத் தானே வாங்கிக்கொண்டார். வரிசையைத் தாண்டி மடைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினோம்.

"நீ எனக்கு வெள்ளை எழுதியிருந்தா வந்த பஸ்லயே திரும்பிருப்பேன்" என்றான் தம்பி. "எனக்காவப் பொய் எழுதுதவன் எங்கிட்டயும் பொய்தான் சொல்லுவான். நீ எழுதல. அதனால இப்போ கேக்கேன். சூடம் அணைச்ச கைதான இது? அன்னைக்கு அம்மாவை எடுக்கச் சொன்னது யாரு?"

ஏழு வருஷம் நான் பயந்த கேள்வி அதுதான். ஊர் நிற்கவில்லை என்று அவனிடம் சொன்னேனே, அது பொய். பெரியவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள். சின்னவன் வரும்வரை வைக்கலாமா, என்ன சொல்லுதே என்று கேட்டார்கள். நான்தான் வேண்டாம், எடுத்துவிடலாம் என்றேன்.

"நான்தான்" என்றேன்.

அவன் கேட்காமலே மீதியையும் சொன்னேன். "மத்தியானம் வரைக்கும் தூங்குத மாதிரிதான் இருந்தா. அதுக்குப் பொறவு முகம் மாறிட்டு. அந்த வெயிலு அப்பிடி. அப்போ நம்ம பக்கம் ஐஸ்பெட்டி ஏது? நீ ரெண்டு நாளு கழிச்சு வந்து அந்த முகத்தப் பாக்கக் கூடாதுன்னு தோணிச்சு. கொள்ளி உன்னோடதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் வச்சேன். ஒங்கிட்டச் சொல்லத் தைரியமில்லாம ஊர் மேல போட்டுட்டேன்."

குளத்தில் யாரோ விரால் பிடித்துவிட்டுக் கூவினார்கள். தம்பி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கடைசியில எதாவது சொன்னாளா?"

"கோழிய அடைச்சாச்சான்னு கேட்டா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே சுருட்டின பேன்ட்டை இன்னும் மேலே சுருட்டினான், வேண்டாத வேலை. கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகி மூக்கில் நின்றது, அவன் துடைக்கவில்லை.

"ஊரு நிக்கலன்னு சொன்னியே, அதுதான் என்னைய விரட்டிச்சு" என்றான். "ஊரு மேல கோவப்பட்டு என்ன செய்ய? அதுக்கு மூஞ்சியா இருக்கு? யாரப் புடிச்சு ஏச? நீதான்னு அன்னைக்கே சொல்லியிருந்தேன்னா ரெண்டு ஏசு ஏசிட்டு அடுத்த கொடைக்கே வந்திருப்பேன்."

"இப்போ ஏசு."

"ஏசத்தான் போறேன். இத ஒரு இன்லாண்டுல எழுதியிருக்கலாம்லா? கையெழுத்துக்கு என்ன குறை ஒனக்கு? இன்னைக்குத்தான் கோழி கிண்டுன மாதிரி எழுதியிருக்க."

வாழை இலைக் கட்டைத் தலையில் வைத்து ரொம்பத் தூரம் சுமந்து வந்து இறக்கினால் கழுத்து தானாக மேலே எழும்பும். அப்படி எழும்பியது. அம்மன் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அவன் அதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டான். வலையில்லை, தூண்டிலில்லை. சட்டையைக் கழற்றி அதையே விரித்துப் பிடித்துக்கொண்டு சேற்றைத் துழாவினான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்க? இறங்கு" என்றான்.

எனக்கு நான் சீட்டே எழுதிக்கொள்ளவில்லை. ஓடிப்போய்ப் பாயிடம் சொன்னேன்.

"உள்ளூர்தானே அண்ணாச்சி?" என்றார் பாய், பேனாவை ஓங்கிக்கொண்டு. "விசாரிக்காம எழுத மாட்டேன்."

"பாயி சூடம் அணைக்கலையேவே, அவரு எழுதலாமா?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார்.

"நான் அல்லாவுக்குப் பயந்தவன். சூடத்துல என் கையச் சுட்டியன்னா ஒமக்கு யாரு கால்சட்டை தைப்பா?" என்றார் பாய்.

தலைவர் அப்போதுதான் வாய் திறந்தார். "எழுதும்வே, எழுதும். அவரு இறங்கட்டும்."

பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். நான் வேட்டியை அவிழ்த்து ஒரு முனையை அவனிடம் கொடுத்தேன். நான் அரைக்கால் சட்டையோடு, அவன் சுருட்டின பேன்ட்டோடு, இரண்டு பேரும் ஒரு வேட்டியைப் பிடித்துக்கொண்டு குளத்தில் நடந்தோம். டவுண்காரர்களின் பெரிய வலை எங்களைத் தாண்டித் தாண்டிப் போனது. எங்களுக்கு ஒரே ஒரு விரால், நாலைந்து கெண்டை, ஒரு கெளுத்தி. கெளுத்தி அவன் கட்டைவிரலில் குத்திவிட்டது. தாராவியில் கற்றுக்கொண்ட பாஷையில் அதை ஏசினான். எனக்கு அர்த்தம் விளங்கவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

வீட்டு வாசலில் என் வீட்டுக்காரி சொம்பில் தண்ணீரோடு நின்றாள். இரண்டு பேர் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் சொம்பை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே ஓடிப் புளியைக் கரைக்க ஆரம்பித்துவிட்டாள். தம்பி காலைக் கழுவி, வாசற்படியில் ஒரு நொடி நின்று, உள்ளே வந்தான். மஞ்சள் சீட்டு பையோடு நனைந்து அவன் சட்டையில் மஞ்சளாய் ஒட்டியிருந்தது.

அடுத்த வருஷமும் அந்தச் சண்டை வந்தது. வரி அனுப்புகிற பம்பாய்க்காரனுக்கு நடுவாந்தரமாக இருபத்தைந்து என்று ஒரு கட்சி கிளம்பியது. தம்பியைக் கேட்டபோது, "ஐம்பதே இருக்கட்டும், குளத்துக்குக் கேடு வராது" என்று எழுதியிருந்தான். யார் சொல்வது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குடியிருக்கிறவனுக்குக் குறைவு, வந்துபோகிறவனுக்கு அதிகம் என்பது நியாயம்தான் என்று படுகிறது. அவரவர் இடத்தில் அவரவரை நேராக எழுதிவிட்டால் மனசு அடித்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

மீன் பிடித்து வந்த அன்றைக்கு அவன் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். விரால் தலையை எனக்குப் போடப்போனவளிடம், "எனக்குத்தான், நான் அம்பது ரூவா குடுத்தவன்" என்று தட்டை நீட்டினான். சாயங்காலம் நாலரைக்கு டவுண் பஸ், இரவில் மதுரையில் யாரோ சிநேகிதன் வீடு என்று திட்டம் வைத்திருந்தான். சாப்பிட்ட கையோடு, அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் வெறும் தரையில் சாய்ந்தான். ஐந்து நிமிஷத்தில் குறட்டை.

நாலரை ஆகப்போனது. வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"எழுப்புங்க. பஸ்ஸு போயிரும்லா."

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அவன் புரண்டு படுத்தான். நான் விசிறியை எடுத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"போவட்டும்" என்றேன்.